கடல் சூடான வருஷம்

வெட்டுக்குளத்துக்காரர்கள் நல்லவர்கள்தான். மழை பெய்கிறவரைக்கும் ரொம்பவே நல்லவர்கள். மழை தப்பினால் மட்டும் அவர்களுக்கு ஒரு பாவி வேண்டும். மேகத்தை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க முடியாதே! அதனால் வைக்கோலில் ஒரு பொம்பளை உருவத்தைக் கட்டி, செத்துப்போன எவளோ ஒருத்தியின் கிழிசல் சேலையைச் சுற்றி, கொடும்பாவி என்று பெயர் வைத்துத் தெருத்தெருவாக இழுப்பார்கள். இழவு வீட்டில் அழுவதைப் போலவே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். ஏரிக்கரையில் அதைக் கொளுத்திவிட்டு, தலைமுழுகி வீடு திரும்புவார்கள். ஊரின் பாவத்தையெல்லாம் சுமந்தவள் ஒழிந்தாள், இனி மழை வரும் என்பது நம்பிக்கை. மழை வந்தால் கொடும்பாவியால் வந்தது. வராவிட்டால் அழுதவர்கள் ஒழுங்காக அழவில்லை.

தெய்வசிகாமணிக்கு இது புதிதில்லை. கம்மாபுரத்தைத் தாண்டியிருக்கும் அந்த ஊரில்தான் அவர் பிறந்தார். வாலிபத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, பம்ப் ஆபரேட்டராகவே தலை நரைத்தவர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பூமித் தண்ணீர் எந்நேரமும் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் பள்ளத்தில் இறங்கி வேலை செய்ய முடியும். மழைக்காலத்தில் மேலிருந்து விழுவதையும் சேர்த்து இறைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அவர் பிழைப்பு.

வருகிற சித்திரையோடு அவருக்கு ரிட்டயர்மென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் என்பது சம்பளம் வாங்குகிறவரைக்கும்தான் வீடு. முன்னால் மல்லிகைப் பந்தல் போட்டாலும், பின்னால் வாழை வைத்தாலும், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும். அவருக்கும் மனைவி பெரியநாயகிக்கும் பிள்ளை இல்லை. போவதற்கு இருந்த ஒரே இடம் வெட்டுக்குளம். அங்கே தங்கை அம்சவல்லி வீட்டை ஒட்டி அவர் பங்குக்கு ஒரு மனை கிடந்தது. அதில் வீடு கட்ட, கார்த்திகையில் கடைக்கால் போடுவதென்று பேசி வைத்திருந்தார்கள்.

அம்சவல்லியைத் தங்கை என்று சொல்வது பாதி உண்மைதான். அம்மா போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தோளில் போட்டுத் தூங்கவைத்து, சோறு ஊட்டி, வயதுக்கு வந்ததும் ஊர் மெச்சச் சடங்கு சுற்றி, உள்ளூரிலேயே சின்னதுரைக்குக் கட்டிக்கொடுத்தவர் தெய்வசிகாமணி. தன் பங்கு நிலத்தையும் அவளே பயிர்செய்து சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். அதற்காக ஒருநாளும் ஒரு படி நெல் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றியதும் இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி வந்தது, ஆவணி வந்தது, மழை மட்டும் வரவில்லை. சாயங்காலமானால் மேற்கே கறுக்கும், காற்றடிக்கும், நாலு சொட்டு விழுந்து புழுதி வாசனை கிளப்பிவிட்டுப் போய்விடும். நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மைன்ஸ்காரன் தண்ணியை உறிஞ்சிட்டான்.

தெய்வசிகாமணி ஒருநாள் கேன்டீனில் என்ஜினியர் ஜெயராமனிடம் இதைச் சொல்லிப் புலம்பினார். ஜெயராமன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டீயை ஆற்றிக்கொண்டே, "இந்த வருஷம் ஆடி மழையை எதிர்பாக்காதீங்க" என்றார். "என் தம்பி புனாவுல வானிலை ஆபீஸ்ல இருக்கான்லா, லீவுல வந்திருந்தான். பசிபிக் கடல்ல, அமெரிக்கா பக்கம், தண்ணி வழக்கத்தைவிடச் சூடாயிட்டாம்."

"அது எங்கியோ இருக்குது சார். அது சூடானா நமக்கு இன்னா?"

"அங்கதான விஷயம். சூடான தண்ணிக்கு மேல காத்து மேலேறும், மேகம் கட்டும், மழை அங்கயே கொட்டிரும். அங்க ஏறுன காத்து நம்ம தலைக்கு மேல வந்து இறங்குது. இறங்குற காத்துல மேகம் நிக்காது. அதான் இங்க வானம் வெறிச்சுன்னு கிடக்கு." கொஞ்சம் யோசித்து, "ஆனா அதே சூடு ஐப்பசி மழையைக் கெடுக்காதாம். சில வருஷம் அதிகமாவே கொடுக்கும்னு சொல்லுதான். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

கடைசி வாக்கியம் தெய்வசிகாமணியின் காதில் ஏறவே இல்லை. ஐப்பசியில் அதிகமாகவே கொடுக்கும் என்பது ஏறியது. அது போதும் அவருக்கு. ஊருக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெட்டுக்குளம் டீக்கடையில் ஊர்ப் பெரியவர் தனகோட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப்பேர். வேலை இல்லாத விவசாயிக்கு டீக்கடையைவிட்டால் வேறு போக்கிடம் ஏது! தெய்வசிகாமணி சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக விஷயத்தை அவிழ்த்துவிட்டார்.

"மழை எங்கியும் போயிடல. கடல் சூடாயிடுச்சு. அதான் ஆடி மழை தப்பிப்போச்சு. ஐப்பசியில கொட்டும், நாத்து விட்டு ரெடியா இருங்க."

தனகோட்டி கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "கடல் சூடாச்சா? சூடாக்குனது யாருப்பா?"

"யாரு சூடாக்குவாங்க மாமா? அதுவா ஆவுறதுதான்."

"அடுப்பே இல்லாத ஒலை கொதிக்குமா? நீங்கதான் பூமிய நோண்டி, உள்ள இருக்கிற கரிய எடுத்து எரிச்சிகினு இருக்கீங்க. அந்தப் புகையும் சூடும் எங்க போவும்?"

"ஐயோ, அந்தக் கடல் வேற மாமா. அமெரிக்கா பக்கம்."

"கடல் எல்லாம் ஒண்ணுதானே? நடுவுல வரப்பு கட்டியிருக்குதா?"

கடையே சிரித்தது. தெய்வசிகாமணியும் சிரித்தார், வேறு வழியில்லை. நெல்லிக்குப்பத்தில் மைன்ஸ் ஏது, அங்கேயும் கரும்பு காயவில்லையா என்று கேட்டுப் பார்த்தார். உங்க புகை அங்கவரைக்கும் போவுது என்று ஒருத்தன் சொன்னான். இவர்களிடம் வாய்கொடுத்து மீள முடியுமா? நல்லது சொல்ல வந்த மனுஷன் குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டுத் திரும்பினார். போகிற வழியெல்லாம் அனல்மின் நிலையத்துச் சிம்னி புகைந்துகொண்டிருப்பது, என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குக் கண்ணில் பட்டது. மறுநாள் ஜெயராமனிடம் அதைச் சொன்னபோது அவரும் வாய்விட்டுச் சிரித்தார். "அவ்வளவு பெரிய கடலை நம்ம புகையா சூடாக்கும்?" என்றார். தெய்வசிகாமணிக்கு நிம்மதியாக இருந்தது.

ஊரில் யாருக்கும் நிம்மதி இல்லை. 'கடல் சூடாயிடுச்சுன்னு மைன்ஸ்காரனே ஒத்துக்கினான்' என்ற பேச்சு வெட்டுக்குளத்தைச் சுற்றி, பக்கத்து ஊர்களையும் சுற்றி, இன்னும் பெரிதாகி வெட்டுக்குளத்துக்கே திரும்பி வந்தது. இது எதுவும் தெய்வசிகாமணிக்குத் தெரியாது.

புரட்டாசிக் கடைசியில் அம்சவல்லி பஸ் பிடித்து குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போலிருந்தாள். பயிர் கவலை என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணா, உங்க மாப்ளைக்கு வயல்ல போட்டுக்க ஒரு பழைய யூனிஃபார்ம் குடேன்" என்றாள்.

வருஷத்துக்கு வருஷம் கொடுக்கிறதுதான். பெரியநாயகி பெட்டியைத் திறந்து, சாயம் போகாத ஒரு செட்டை எடுத்து நீட்டினாள்.

"இது வாணாம் அண்ணி. புதுசா இருக்குது. அண்ணன் போட்டுப் போட்டு நைஞ்சது எதுனா இருந்தா குடுங்க. ஒடம்புல போட்டதே போதும்."

தெய்வசிகாமணிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கஷ்டத்திலும் அண்ணனுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று நினைக்கிறாளே! கொடியில் கிடந்த சட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். பீடி நெருப்பில் ஓட்டை விழுந்த பாக்கெட்டை, காக்கி நூல் கிடைக்காமல் பெரியநாயகி நீல நூலால் தைத்திருந்த சட்டை. "தோச்சுத் தரேன் இரு" என்று பெரியநாயகி சொன்னதற்கு, "தோய்க்க வாணாம் அண்ணி, அப்டியே இருக்கட்டும்" என்று வாங்கிப் பையில் திணித்துக்கொண்டாள். சாப்பிடக்கூட உட்காரவில்லை. அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. வாராந்திர லீவு அன்றைக்கு, மனையை அளந்து முளைக்குச்சி அடிக்கலாம் என்று மேஸ்திரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தெய்வசிகாமணி வெட்டுக்குளத்துக்குக் கிளம்பினார். வாசல் கிழக்கே வேண்டுமா வடக்கே வேண்டுமா என்று வழியெல்லாம் பேச்சு. ஊரை நெருங்கும்போது சாவு மேளம் கேட்டது. யார் போய்ச் சேர்ந்தார்களோ என்று பதறி, பெடலை அழுத்தினார்.

எதிரே வந்த அம்சவல்லியின் பக்கத்து வீட்டு நாகம்மாள் அவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் நுழைந்துவிட்டாள். டீக்கடை பூட்டிக் கிடந்தது. தெருமுனையில் திரும்பியதும் கூட்டம் தெரிந்தது. பச்சைத் தென்னை ஓலையில் கிடத்தி, கயிறு கட்டி எதையோ இழுத்து வந்தார்கள். ஓ, கொடும்பாவி! சாவு இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. மேஸ்திரியிடம் திரும்பி, "எங்க ஊரு வழக்கம், மழைக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிரிப்பு அப்படியே நின்றது. இந்த வருஷத்துக் கொடும்பாவிக்குச் சேலை இல்லை. வைக்கோல் காலில் காக்கிப் பேன்ட் மாட்டியிருந்தது. தலையில் சட்டியைக் கவிழ்த்து மஞ்சள் பெயின்ட் அடித்து ஹெல்மெட் செய்திருந்தார்கள். மேலே காக்கிச் சட்டை. பாக்கெட்டில் நீல நூல்.

ஊரே சேர்ந்து செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. சட்டையைப் பார்த்தவர் கூட்டத்தில் சின்னதுரையைத் தேடினார். அவன் பிணத்தின் முன்னால் நெருப்புச் சட்டி ஏந்தி, குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தான். பின்னால் தலைவிரி கோலமாக, மாரில் அடித்துக்கொண்டு, பெண்களுக்கெல்லாம் முன்பாட்டுப் பாடி வந்தவள் அம்சவல்லி.

"தோள்மேல தூக்கி வளத்த அண்ணா,
ஏழு கடலையும் கொதிக்க வச்சியே அண்ணா!
மடியில போட்டு வளத்த அண்ணா,
மழையெல்லாம் மிஷினால எறச்சியே அண்ணா!"

வழக்கமான கொடும்பாவிக்கு அழுகிறவர்கள் பாதி சிரித்துக்கொண்டுதான் அழுவார்கள். அம்சவல்லி நிஜமாக அழுதாள். முகமெல்லாம் கண்ணீர். அண்ணனுக்குத் தங்கை அழுவது போல இல்லை, அண்ணனுக்குத் தங்கையேதான் அழுதாள். அதற்காகத்தானே ஊர் அவளைப் பிடித்து முன்னால் நிறுத்தியது! வேறு எவள் அழுதாலும் அந்தச் சூடு வராதே.

அவள் தலையைத் தூக்கினாள். அவரைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பாட்டில் ஒரு அடி தப்பிற்று, அவ்வளவுதான். அடுத்த அடியை எடுத்துப் பாடிக்கொண்டே அவரைக் கடந்து போனாள்.

தனகோட்டி கூட்டத்திலிருந்து விலகி வந்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "நீ இப்ப இங்க நிக்கக்கூடாதுப்பா. எரிச்சு முடிக்கிறவரைக்கும் நீ எதிர்ல இருந்தா பலிக்காது. கோச்சிக்காத, போயிடு" என்றார், விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி.

"அது என் சட்டை மாமா" என்றார் தெய்வசிகாமணி.

"தெரியும்ப்பா. அதனாலதான்."

மேஸ்திரி முளைக்குச்சிக் கட்டைக் கையில் பிடித்தபடி கேரியரில் ஏறி உட்கார்ந்தான். திரும்புகிற வழியில் வாசல் எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை.

பெரியநாயகி விஷயத்தைக் கேட்டதும் ஆடித் தீர்த்துவிட்டாள். "போட்ட சட்டைதான் வேணும்னு கேட்டப்பவே எனக்குப் புத்தி வேலை செஞ்சிருக்கணும். தோய்க்கக்கூட விடலியே பாவி! ஒங்க வேர்வையோட வச்சுக் கொளுத்தணுமாம்!" என்று அரற்றினாள். ஊர் அப்படிச் செய்ததைத் தெய்வசிகாமணியால் புரிந்துகொள்ள முடிந்தது. காய்ந்த வயிறு யாரைத்தான் திட்டாது? அண்ணன் சட்டை எதற்கென்று தெரிந்தே வந்து, எதிரே நின்று, கையேந்தி வாங்கிப்போனாளே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. அந்த நிமிஷத்தில் தனக்கு நெஞ்சு நெகிழ்ந்ததை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. சாயங்காலம் பிடித்தது மழை. பிடித்தது என்றால் சும்மா இல்லை, கடலூரிலிருந்து நெய்வேலிவரைக்கும் வானம் கிழிந்து கொட்டியது. சுரங்கத்தின் சரிவெல்லாம் சேற்று அருவி. பள்ளத்தில் தண்ணீர் ஏற ஏற, எல்லா பம்பும் ஓடின. லீவில் இருந்தவர்களைக்கூடக் கூப்பிட்டார்கள். ஜெயராமன் ரெயின்கோட்டோடு வந்து தோளில் தட்டினார். "பாத்தீங்களா, என் தம்பி சொன்னது சரியாப் போச்சு! ஐப்பசியில கொட்டுதுல்லா!" என்றார். ஊரில் போய்ச் சொல்லுங்கள் என்றும் உற்சாகமாகச் சொன்னார். தெய்வசிகாமணி தலையை ஆட்டிவிட்டு பம்பைப் பார்க்கக் குனிந்துகொண்டார். மழை வரும் என்று ஊருக்கு முதலில் சொன்னவர் அவர். தன்னைக் கொளுத்தியதால்தான் மழை வந்தது என்று இப்போது ஊர் கொண்டாடிக்கொண்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இனி எந்தக் கடலைச் சொல்லி எவனை நம்பவைப்பது?

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு மத்தியானம் அம்சவல்லி வந்தாள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, நனைந்த சேலையோடு, முகமெல்லாம் தெளிந்து வந்தாள். வாசலிலேயே, "ஏரி ரொம்பிடுச்சு அண்ணா! நாத்து விட்டாச்சு!" என்றாள். சின்ன வயதில் திருவிழாவிலிருந்து ஓடிவந்து சொல்வாளே, அதே குரல்.

பெரியநாயகி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். தெய்வசிகாமணி செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பூட்ஸை மாட்டியபடி, "குந்து" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினாள். பிறகு தானே ஆரம்பித்தாள்.

"நான் இன்னா அண்ணா பண்ணுவேன்? ஊரு மொத்தமும் வாசல்ல வந்து நின்னுச்சு. உன் அண்ணன் சட்டையக் குடு, இல்லனா ஏரித் தண்ணியில உனக்கு மொறை கிடையாதுன்னாங்க. ஒரு பழைய சட்டைதானே கேட்டாங்க. உசுரையா கேட்டாங்க?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்சா."

"சொன்னா குடுத்திருப்பியா?"

தெய்வசிகாமணி பூட்ஸ் கயிற்றை இழுத்து இறுக்கினார். கொடுத்திருப்பார். அவளுக்காக அதையும் கொடுத்திருப்பார். அது அவளுக்குத் தெரியவில்லையே என்பதுதான் புதிதாக வலித்தது.

"ஆனா பலிச்சுச்சே அண்ணா! பாத்தியா, மறுநாளே!" அவள் கண் பளபளத்தது. அதில் கள்ளம் இல்லை. அவள் நம்பினாள். தன்னை வளர்த்தவர்தான் மழையைத் தடுத்து வைத்திருந்தவர் என்று மனசார நம்பினாள்.

"அப்போ கார்த்திகையில கடைக்கால் போடறது?" என்றார் அவர்.

அம்சவல்லி சேலை நுனியைப் பிழிந்தாள். "அதுக்குத்தான் வந்தேன். இப்ப வாணாம்ங்கிறாங்க. பேர் சொல்லி அழுது, எரிச்சு, தலமுழுகியாச்சு. நீ ஊருக்குள்ள கால வச்சா மழை நின்னுடும்னு பயப்படுறாங்க. கதிர் அறுத்துக்கட்டும். அப்பால பாக்கலாம்."

"எனக்கு சித்திரையில குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்."

"தெரியும் அண்ணா. அப்பவும்... அடுத்த ஆடி எப்டியிருக்குமோன்னு தனகோட்டி மாமா யோசிக்கிறாரு. டவுன்ஷிப்புக்கு வெளிய எங்கனா வாடகைக்கு வூடு கெடைக்காதா? நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. தெய்வசிகாமணி எழுந்து ரெயின்கோட்டை மாட்டினார். வெளியே மழை மறுபடியும் வலுத்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அதை இறைத்துத்தான் ஆகவேண்டும்.

அம்சவல்லியும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். நாலு அடி போனவள் திரும்பி வந்தாள். கேட்கத் தயங்கினாள், கேட்டும் விட்டாள்.

"அண்ணா, கோச்சிக்காத. உன் பழைய சட்டை இன்னொன்னு இருந்தா எடுத்து வையேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஊர்ல சொல்றாங்க."

தெய்வசிகாமணி சைக்கிள் சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார்.

"ரிட்டயர் ஆயிட்டா யூனிஃபார்ம் குடுக்கமாட்டாங்க அம்சா" என்றார். "அடுத்த வருஷத்துக்கு வேற அண்ணனப் பாத்துக்க."